ஓலைக்கு முன் ஒரு கேள்வி

"ஸ்டெபின், நீ நாத்திகனாமே?"

கேட்டுவிட்டு ஐசக் எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டார். 

சேலையூர் சர்ச்சில் ஐசக் வாயைத் திறந்தால் சபையே அடங்கும். அவர் மகள் ஈவ்லினைத்தான் ஸ்டெபின் காதலித்துத் தொலைத்தான். வருகிற ஞாயிறு ஆராதனையில் இருவருக்கும் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். தடை சொல்ல நினைப்பவர் யாரும் எழுந்து சொல்லலாம். ஐசக்கே எழுந்தால் கல்யாணம் அம்போதான்.

"அப்பா என்ன கேட்டாலும் உளறிடாத" என்று ஈவ்லின் வாசலிலேயே கெஞ்சியிருந்தாள்.

"யா... யார் சொன்னாங்க அங்கிள்?"

"பொத்தேரில உன் காலேஜ்ல உன்கூட வேலை பாக்குற ஒருத்தர். அதை விடு. அந்த வார்த்தைக்கு அர்த்தமாவது தெரியுமா?"

கேன்டீனில் கடவுளை வாங்கு வாங்கென்று வாங்குகிற வாய், இப்போது தந்தியடித்தது.

"நாஸ்தின்னா இல்லைன்னு அர்த்தம் அங்கிள். இங்கிலீஷ்ல ஏதீஸ்ட்... கிரேக்க வார்த்தை, கடவுள் இல்லாதவன்னு. ஆனா அது யாரும் ஆசையா வெச்சுக்கிட்ட பேர் இல்ல. அடுத்தவங்களைத் திட்டுறதுக்கு வெச்சது. ரோம்ல கிறிஸ்தவங்களையே அப்படித்தான் திட்டினாங்க."

"நம்மளையா? எதுக்கு?"

"அவங்க சாமிங்களை நாம கும்பிடலைல்ல?"

"திட்டினதோட விட்டாங்களா?"

"இல்ல அங்கிள். கொன்னாங்க."

ஐசக் ஜன்னலையும் சாத்தினார். கோபம் தலைக்கேறிவிட்டது என்று ஸ்டெபின் நினைத்தான். அவர் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். சமையலறையில் மனைவியும் மகளும் பேசும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"சரித்திரம் போதும். கர்த்தர் இருக்காரா, இல்லையா? மனசுல இருக்கறதைச் சொல்லு."

இவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"இருக்காரு அங்கிள்! தினமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன். அந்தாளு என் மேல பொறாமைல சொல்லியிருக்கான்."

ஐசக் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

"ஈவ்லின், ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சுடலாம்மா. எனக்கு ஒரு தடையும் இல்ல."

ஸ்டெபினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஐசக் அவன் காதருகே குனிந்தார். "இந்த வீட்டுல எனக்குத் துணையா என்னை மாதிரியே ஒருத்தன் வரான்னு நெனச்சேன் தம்பி. பரவால்ல. நான் இப்படிக் கேட்டேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத."