பதினெட்டு நிமிடம்

"ஒப்பந்தம் மீறப்படலன்னு எழுதுங்க, ஹோரியா."

ஸ்மராந்தா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, திரையில் இருந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

ஹோரியா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். "எழுத மாட்டேன் மேடம். ஒருத்தன் செத்திருக்கான்."

"செத்தது திங்கட்கிழமை. இன்னைக்கு வியாழன். மூணு மணிக்கு ஆம்புலன்ஸ் கம்பெனி வக்கீல் வராரு. அதுக்குள்ள இது முடியணும்."

க்ளூஜ் நகரத்தில் ஹோரியா வேலை பார்க்கும் நிறுவனம் கணினித் திறனை வாடகைக்கு விடுகிறது. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள், ஒரே கூடத்துக் கணினிகள். நெருக்கடி வந்தால் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று ஓர் அட்டவணை உண்டு: தங்கம், வெள்ளி, வெண்கலம்.

திங்கட்கிழமை மதியம் கால்பந்து இறுதிப் போட்டிக்கு டிக்கெட் விற்பனை திறந்ததும் லட்சம் பேர் மொய்த்துவிட்டார்கள். டிக்கெட் கம்பெனி தங்கம். பணியில் இருந்த ஹோரியா வெண்கலத்திலிருந்து திறனைப் பிடுங்கி அதற்குக் கொடுத்தான். வெண்கலத்தில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையும் இருந்தது. எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று காட்டும் அவர்களுடைய திரை பதினெட்டு நிமிடம் அப்படியே உறைந்து நின்றது.

அந்த நேரத்தில்தான், அகேசியா மரங்கள் பூத்திருந்த மலையடிவாரத்துக்குத் தேனீப் பெட்டிகளை ஏற்றிப் போயிருந்த இலியே என்ற இருபத்தாறு வயது வாலிபனைத் தேனீக்கள் கொட்டின. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டது. கூட இருந்தவன் ஐந்து தடவை ஆம்புலன்ஸை அழைத்தான். வண்டி போய்ச் சேர்ந்தபோது இலியேவுக்கு மூச்சு இல்லை.

"மாசத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் வரைக்கும் நின்னா ஒப்பந்தப்படி தப்பில்ல. நின்னது பதினெட்டு" என்றார் ஸ்மராந்தா.

"இன்னும் நாலு நிமிஷம் மிச்சம் இருக்குன்னு சந்தோஷப்படணுமா மேடம்?"

"இருக்கறதைச் சொன்னேன்."

"சொல்வீங்க. மூணு நாளா போனை அணைச்சு வச்சிட்டு, இன்னைக்கு வந்து நிதானமா நிமிஷம் எண்ணுறீங்க. நான் இங்க கண்ணை மூடினா அந்தப் பையன்தான் வரான்."

புக்கரெஸ்ட் தலைமை அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரிவின் தலைவர் ஸ்மராந்தா. வருஷத்துக்கு ஒருமுறை இங்கே எட்டிப் பார்ப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. 'கல்லு' என்பது இங்கே அவருக்குப் பட்டப்பெயர்.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "'ஹோரியாவின் தவறான முடிவால்'னு எழுதியிருக்கீங்களே, இது எதுக்கு?"

"அதுதானே உண்மை. அழுத்தினது என் விரல்."

"அட்டவணையில இருந்ததைச் செஞ்சீங்க."

"அந்த அட்டவணையை எழுதினது யாரு? நீங்கதானே! ஆம்புலன்ஸைக் கடைசி வரியில போட்டது உங்க கைதானே மேடம்!"

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது.

"ஆமா, என் கைதான்." அவன் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: 'அட்டவணையில் பிழை. தயாரித்தவர் ஸ்மராந்தா.' பிறகு சொன்னார்: "குறைஞ்ச விலைக்குக் கேட்டாங்க, வெண்கலத்துல போட்டேன். என்ன தொழில்னு பாக்கல. இன்னைக்குத் தங்கத்துக்கு ஏத்திட்டேன்."

ஹோரியாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ரொம்ப நல்லது. ஒப்பந்தமும் மீறல, ஆளும் தப்புப் பண்ணல, தாள்ல இருக்கறதுதான் தப்பு. கம்பெனி தப்பிச்சிடும். அவனைப் பெத்தவ முகத்தைப் பாத்து, 'ஒப்பந்தம் மீறல'ன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில."

அவன் திகைத்துப் போனான். "என்ன... என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அழக்கூட இல்ல. சும்மா பாத்துக்கிட்டே நின்னா."

"நீங்கல்லாம் மனுஷங்கதானா மேடம்?" ஹோரியா கேட்டான்.

ஸ்மராந்தா அறிக்கையை அச்செடுத்து அவன் முன்னால் வைத்தார். "மீறல்னு எழுதினா, யாரு செஞ்சதுன்னு போலீஸ் கேக்கும். முதல்ல உங்களைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. உங்க மனைவிக்கு அடுத்த மாசம் பிரசவம் இல்ல?"

"மிரட்டுறீங்களா?"

"கேட்டேன். கையெழுத்துப் போடுங்கப்பா."

ஹோரியா போட்டான். முகம் தெரியாத ஒருவனை இரண்டாம் முறையும் தானே கொன்றுவிட்டதுபோல அவனுக்கு இருந்தது. அவன் ஸ்மராந்தாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு வக்கீல் வந்தார். பருத்த உடம்பு, நரைத்த மீசை. சீறப் போகிறார் என்று எதிர்பார்த்து ஹோரியா எழுந்து கையை நீட்டினான். அவரோ அதைக் கவனிக்காமல் அவனைக் கடந்துபோய், ஸ்மராந்தாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"இறைவன் இலியேவை ஏத்துக்கட்டும், அம்மா. நேத்துதானே மகனை மண்ணுல வச்சீங்க. இந்த வேலைக்கு வேற யாரையாவது அனுப்பியிருக்கக் கூடாதா?"

"வேற யாராவது வந்திருந்தா," என்றார் ஸ்மராந்தா, "இந்தப் பையன் பேரை எழுதியிருப்பாங்க."