வரப்புவழியின் அச்ச அளவு

குறுவை நடவுக் காலம். மக்கள் நடந்து செல்லும் வழிகளில் கொள்ளும் அச்சத்தைப் பத்துக்குள் அளந்து எழுதும் பணி எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. எல்லாரும் அஞ்சும் வழியை அடைத்துவிடுவார்கள்.

கூலித் தகராறில் நல்லக்கண்ணு வெட்டுண்டு இறந்த வரப்புவழிக்குத் தெருவினர் அனைவரும் பத்து என்றனர். அவருடைய மனைவி அம்சவல்லி அம்மையார் மட்டும் பூஜ்யம் என்றார்.

"தனியாக நடக்கும்போது என்று கேட்கிறேன், அம்மா," என்று பணிவுடன் விளக்கினேன்.

"தனியா எங்கங்க போறேன்? பாம்பு பாத்துக்கிட்டு அவங்க முன்னாடி போறாங்க. வழிய அடைச்சிட்டா யாருக்குப் பாப்பாங்க? பூஜ்யம்னே எழுதுங்க சார்."

சரிபார்க்காமல் எழுதுவது விதிக்கு மாறு. ஆகவே அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் சிரித்த முகத்துடன், யாரையும் முந்திவிடாதவர்போல் மெதுவாகவே நடந்தார்.

எதிரே நாற்றுமுடி சுமந்து அயலூர்க்காரர் ஒருவர் வந்தார். வரப்பு குறுகலானது. அவர் தொலைவிலேயே சேற்றில் இறங்கி வழிவிட்டார்.

"போங்கண்ணே," என்றார். அம்மையார் அவரை இன்னும் நெருங்கவில்லை. சற்றுப் பொறுத்து, "போங்கண்ணி," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போங்க சார்," என்றார்.

அம்மையார் திரும்பினார்.

"இப்ப எழுதலாங்களா?"

நின்றபடியே எழுதினேன்.