உருப்படாத கேமுக்கு வந்த மவுசு

“அட்டையில இருக்கிற படம் மங்கேல்லத்தானே நானா? கிழிஞ்சு கிடக்கோ?”

முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி ‘நானா’ போட்டு அவள் கேட்ட கேள்வியில் பௌஸிக்குத் திக்கென்றது. விஷயம் தெரிந்தவர்கள்தான் கேம் ஓடுமா என்று கேட்காமல் முதலில் பெட்டியின் அட்டையை விசாரிப்பார்கள். ஆக, வந்திருப்பது போட்டிக்காரி.

வெள்ளவத்தையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தாலும் பௌஸியின் உயிர் பழைய வீடியோ கேம்களில்தான் கிடந்தது. ஏழு வருஷமாகத் தேடிய ஒரு கேம் கேசட்டை, ஒருகொடவத்தை ஸ்டோர் ஒன்றில் வேலை செய்யும் றொபேட்டிடமிருந்து நேற்றுத்தான் பெட்டியோடு வாங்கிவந்து அலுமாரியில் பூட்டியிருந்தான். ஒரு நாள் முழுசாகப் போகவில்லை, அதற்குள் ஆள் வந்துவிட்டது. றொபேட்டின் வாயில் எதுவும் நிற்காது.

தன் பெயர் துஷ்யந்தி என்றும் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவதாகவும் அவள் சொன்னாள். வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்களாம். அடையாள அட்டையைப் பைக்குள் வைக்க மறந்து இன்னும் கையிலேயே பிடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கலியாணம். அன்று காலையில் மண்டபத்துக்கு வெளிக்கிட முன்னம் அந்தப் பெட்டி வீட்டுச் சாமியறையில் இருந்தாக வேண்டுமாம், விலையைச் சொல்லுங்கள் என்றாள். பேசும்போதே கண் அலுமாரிக்கும் சுவர் மணிக்கூட்டுக்கும் ஓடியது.

மாப்பிள்ளை கனடாவாக்கும் என்று பௌஸி கணக்குப் போட்டான். அங்கேயெல்லாம் மீசை நரைத்தவர்கள்கூட இந்தச் சாமானுக்கு அலைகிறார்கள் என்று நெட்டில் வாசித்திருந்தான். புதுக் காரைச் சாமிக்குக் காட்டுகிற சனம், மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கேமையும் காட்டும்தானே. சீதனம் எங்கே வந்து நிற்கிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அவளைக் கழற்றிவிடுவதற்காகக் கேமைத் திட்டத் தொடங்கினான். பொய் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது ஒரு குத்துச்சண்டை கேம். பட்டனை அமத்தினால் கை எழும்புவதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று காற்றைக் குத்துவார்கள், சிலவேளை எதிராளி அடி படாமலே விழுந்து கிடப்பான். நேற்று போட்டுப் பார்த்த பௌஸிக்குப் பத்து நிமிஷத்தில் கொட்டாவி வந்துவிட்டது. இதற்காகவா ஏழு வருஷம் நாயாய் அலைந்தோம் என்று மனசும் விட்டுப்போனது.

மதிப்பெல்லாம் அட்டையில்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், எண்பத்திரண்டில், ஒரு வியாபாரி சிங்கப்பூரிலிருந்து நாற்பது கேசட் இறக்கினார். பெட்டியில்லாமல் வந்ததால் கொட்டாஞ்சேனையிலேயே அட்டை அச்சடித்தார். படத்துக்கு, பக்கத்துக் குத்துச்சண்டைக் கிளப்பிலிருந்து யாரோ ஒரு ஆளைக் கையுறையோடு நிறுத்திப் போட்டோ பிடித்தாராம். அடுத்த வருஷக் கலவரத்தில் கடையோடு எல்லாம் எரிந்துபோனது, மிஞ்சியது இது ஒன்றுதான் என்பது பௌஸியின் நம்பிக்கை.

“கேசட் எனக்கு வேண்டாம் நானா,” என்றாள் துஷ்யந்தி. “அட்டைய மட்டும் தாங்கோ.”

“அட்ட இல்லாட்டி இதுல என்ன ஈக்கி தங்கச்சி?”

அவள் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். அப்படியென்றால் ஒரேயொரு படம் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். பௌஸி பதறிப்போய் அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றான்.

“அது மட்டும் ஏலா. இண்டைக்கு போட்டோ எடுத்தா நாளைக்கு நெட்டுல வரும், நாளண்டைக்கு டூப்ளிகேட் அட்ட வரும். ஏழு வருஷம் தேடின சாமான் தங்கச்சி.”

தானும் நாலு வருஷமாகத் தேடுவதாக அவள் சொன்னாள். ஒரு நாள் முந்தியிருந்தால் றொபேட்டிடமே வாங்கியிருப்பாளாம். பையின் வாரை முறுக்குவதும் விடுவதுமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, தூரத்தில் வைத்தாவது ஒருக்கால் காட்டுங்கள், தொடமாட்டேன் என்று கெஞ்சினாள்.

பௌஸிக்கும் உள்ளூர ஆசைதான். அரிய சாமானைச் சேர்த்தவனுக்கு அதைக் காட்ட ஒரு ஆள் வேண்டும். வீட்டில் மனைவி பஹ்மியாவிடம் காட்டினால் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பாள். அவன் அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் சுற்றிய பெட்டியைக் கண்ணாடி மேசையில் வைத்தான்.

துஷ்யந்தி குனிந்தாள். பைக்குள் போன் அடித்து ஓய்ந்து திரும்பவும் அடித்தது. அவள் அதை எடுக்கவுமில்லை, மணிக்கூட்டைப் பார்க்கவுமில்லை. இவ்வளவு நேரமும் அந்தரப்பட்டவள் இப்படி அசையாமல் நின்றது பௌஸிக்கு என்னவோபோல இருந்தது.

“முழிக்கிற முழியப் பாருங்களே,” என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். “இந்த ஆள் யாரெண்டு இன்னம் ஒருத்தருக்கும் தெரியா.”

தொடமாட்டேன் என்றவள் பொலித்தீனுக்கு மேலால் அந்தக் குத்துச்சண்டைக்காரனின் கன்னத்தைத் தடவினாள். பௌஸி அவள் விரலைத் தட்டிவிடக் கையை நீட்டினான்.

“எங்கட வீடு எரியேக்க நான் அம்மாட வயித்தில, நானா. ஒரு படமும் மிஞ்சேல்ல.”

நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு அது பெட்டியை மெல்ல அவள் பக்கமாகத் தள்ளிவிட்டது.

“அப்பாட முகத்த இண்டைக்குத்தான் பாக்கிறன்.”