கணுக்கால் பிடி

வேந்தன் பாடிக்கொண்டே நேராக அவனை நோக்கி வந்தான்.

பயிற்சி ஆட்டம்தான். எதிரே ஏழு பேர் நிற்க, தன் பக்கம்தான் வருவான் என்று அவனுக்குத் தெரியும். ஏழு மாதமாக இருவரும் ஒரே அறை. பயலுக்கு அண்ணன் என்றால் அண்ணன்தான்.

கபடி கபடி என்ற முணுமுணுப்பு சீராக வந்தது. இருபது வயது மூச்சு. அதில் குறையில்லை.

குறை வலது முழங்காலில்.

அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். போன வாரம் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது. வேந்தன் துண்டைப் பல்லில் கடித்தபடி அந்தக் காலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். அவனும் சொல்லவில்லை.

ஆனால் கோச் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். காலையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வேந்தன் கணுக்காலை முழு பலத்தோட புடி. தாங்குனான்னா இந்த சீசனுக்கு அவன்தான் மெயின் ரைடர். இல்லன்னா துரைக்கண்ணுவை வாங்கிருவோம்."

துரைக்கண்ணுவுக்கு முப்பத்தாறு வயது. போபால் அணிக்கு ஆடுகிறார். பழம் தின்று கொட்டை போட்டவர். போபால்காரர்கள் அவருக்குப் பணம் கேட்கவில்லை. பதிலுக்கு, ஓரத்தில் நின்று கால் பிடிக்கும் ஒரு கார்னர் ஆட்டக்காரனைக் கேட்டார்கள்.

இவனைத்தான் கேட்டார்கள்.

மனைவிக்கு எட்டாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவையாவது பக்கத்தில் இரு என்று அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வேந்தன் இன்னும் ஓர் அடி உள்ளே வந்தான். காலை நீட்டினான்.

வலது காலை.

வேறு யாரிடமும் நீட்டியிருக்க மாட்டான்.

அவன் பாய்ந்தான். கணுக்கால் இரண்டு கைக்கும் நடுவில் வசமாகச் சிக்கியது. சும்மா சொல்லக்கூடாது, அவனிடம் மாட்டிய கால் தப்பிப் போனதாக இதுவரை பேச்சே கிடையாது.

முழங்காலுக்குள் ஏதோ இடம் மாறியது. விரல் வழியாக அவனுக்கு அது தெரிந்தது. பாட்டு ஒரு நொடி நடுங்கி, மறுபடி எழுந்தது.

இழுக்கக்கூட வேண்டாம். இப்படியே இறுக்கிப் பிடித்திருந்தால் போதும். பயல் தானாக உட்கார்ந்துவிடுவான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். ஆறு மாதமோ எட்டு மாதமோ படுத்துக் கிடப்பான். கால் மிஞ்சும்.

போபால் ரயிலில் இவன் ஏறுவான்.

விரல்கள் தளர்ந்தன. முகத்தை மட்டும் இறுக்கமாக வைத்துக்கொண்டான்.

வேந்தன் நழுவினான். இடது காலால் உந்தி விழுந்து நடுக்கோட்டைத் தொட்டான். விசில் ஊதினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கோச் அவன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"முழுசாப் புடிச்சியா?"

"முழுசாத்தான் கோச். இரும்பு மாதிரி இருக்கான்."

அவர் அங்கேயே நின்று போபாலுக்கு போன் போட்டார். துரைக்கண்ணு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். எதிரணியில் கார்னருக்கு இரண்டு அரியானாக்காரர்கள் நிற்பார்கள். அவர்களுக்கு வேந்தன் தம்பி இல்லை.

வேந்தன் எழுந்து சிரித்துக்கொண்டே வந்தான். அவன் தோளில் கை போட்டான். அணியின் போட்டோக்காரர் ஓடிவந்து படம் எடுத்தார். அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

வேந்தன் சிரிப்பை மாற்றாமல் அவன் காதருகே பேசினான்.

"அப்படியே நடங்கண்ணே. விலகுனீங்கன்னா விழுந்துருவேன்."

அவன் நடந்தான்.