சிவப்பு அட்டை

“மறந்துட்டேன் சார்.”

கணவன் இப்படிச் சொன்னதும் அவளுக்குப் பகீரென்றது. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போது படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

நஷ்டஈட்டு அதிகாரி பேனாவை மூடி வைத்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சோப்பு கலக்குற மெஷினுக்குள்ள கையை விட்டுச் சுரண்டறதுக்கு முன்னாடி, யாரும் போட்டுடாம இருக்க சுவிட்சுல சிவப்பு அட்டை மாட்டணும். மாட்டலைன்னு நீங்களே ஒத்துக்கிட்டா மனு தள்ளுபடிதான்.”

“மாட்டலை சார். என் தப்புதான்.”

“அவரு பயத்துல உளர்றாரு சார்!” அவள் குறுக்கே பாய்ந்தாள். “வீட்டுல கேஸ் அடுப்பை அணைச்சிட்டு மூணு தடவை போய்ப் பாக்குற மனுஷன். அவரா மறப்பாரு?”

“நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களாம்மா?”

அவள் எங்கே பார்த்தாள்! அதே ஃபேக்டரியில் கூட்டித் துடைக்கிற வேலைதான் அவளுக்கு. ஆனால் அவன் அலறியபோது அவள் கட்டடத்துக்குப் பின்னால் குழாயடியில் அழுக்குத் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஈரத் துண்டோடு ஓடிவந்து, அதையே அவன் கையில் சுற்றிக் கட்டினாள். நான்கு விரல்கள் போயிருந்தன.

அந்த வலது கையை நம்பித்தான் குடும்பம் ஓடியது. இந்த மனுவும் போனால், இரண்டு பிள்ளைகளையும் துடைப்பத்தைக் கொண்டே அவள் கரையேற்ற வேண்டும்.

அவனோ இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தான். பெரிய அரிச்சந்திரன்!

வெளியே பெஞ்சில், சாட்சி சொல்ல வந்திருந்த ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் அவர்மீது பாய்ந்தது.

“சுவிட்சைப் போட்ட மகராசன் நீங்கதானே? அட்டை மாட்டியிருக்கா இல்லையான்னு பாக்க மாட்டீங்களா? கண்ணு அவிஞ்சா போச்சு?”

“தங்கச்சி…”

“அண்ணே, நீங்க எதுவும் பேசாதீங்க,” என்று கணவன் அவசரமாகத் தடுத்தான்.

“இல்லப்பா, எத்தனை நாளைக்குத்தான் நான் வாங்கிக் கட்டிக்கறது?” ஆபரேட்டர் எழுந்து நின்றார். “அட்டை ஒடைஞ்சு வருஷமாச்சு தங்கச்சி. மொதலாளி வேற வாங்கிக் குடுக்கலை. மெஷினுக்குள்ள கையை விடறவன் தன்னோட துண்டைத்தான் சுவிட்சுல மாட்டுவான். சுவிட்சு இருக்கறது சுவத்துக்கு அந்தப் பக்கம். துண்டு தொங்கினா நாங்க தொடவே மாட்டோம். அன்னைக்குத் துண்டு இல்லம்மா. என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல.”

அவள் சட்டென்று திரும்பினாள். கணவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாத்தியிருந்த ஆபீஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அழுக்கா தொங்குதேன்னு… நான்தாங்க அதை எடுத்துட்டுப் போனேன்!”

“தெரியும். மெதுவாப் பேசு, உள்ள கேட்டுடப் போகுது.”