அடியில் ஓடும் வரி

தூத்துக்குடிக் கடையின் சுவரெல்லாம் டிவிகள் ஒளிர்கின்றன. கிறிஸ்துமஸுக்கு விலை குறையட்டும், அப்போது வாங்கலாம் என்று புன்னைக்காயலிலிருந்து வழிநெடுகச் சொல்லிவந்த தொம்மை, மனைவி செலஸ்தீனாவின் பின்னால் கைகட்டி நிற்கிறார். ஐம்பது வயதில் எழுத்துக் கற்றவள் அவள். வீட்டு டிவியின் சிறிய திரையில் அடியில் ஓடும் செய்தி வரி அவள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. இங்கே, பெரிய திரையின் நீல வெளிச்சம் முகத்தில் விழ, உதடுகள் மெல்ல அசைகின்றன. “மன்னார் வளைகுடாவில்... பலத்த காற்று... மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.” பில் போடும் பெண் தலைதூக்கிப் பார்க்கிறாள். “நாளைக்கு வள்ளம் எறக்கக்கூடாது, கேட்டியளா?” என்று செலஸ்தீனா திரும்புகிறாள். இன்றும் கைநாட்டு வைக்கும் தொம்மையின் நெஞ்சு நிமிர்கிறது. “நீ வாசிச்சிட்டல்லா, பொறவு எப்படிப் போவேன்?” என்றவர், கடைக்காரரிடம் எல்லோருக்கும் கேட்கும்படியே சொல்கிறார்: “இதையே கட்டிக் குடும் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரி வாசிக்கணும்.”