அடுத்த வரி

தடை செய்ய வேண்டிய பாடல்களைக் கேட்பதுதான் தாட்சாயணியின் அரசாங்க வேலை. சோதனையில் பிடிபட்ட பென் டிரைவ்கள் அவள் மேசைக்கு வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக எழுதி, ஆட்சேபகரமானதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட வேண்டும். இந்த வாரம் வந்த பாட்டு, ஏதோ ஒரு கார் ஷெட்டில் ஷட்டரை இறக்கிவிட்டுப் பாடியது. கிடாரின் இரைச்சலில் சொற்கள் பிடிபடாமல் இருபது முறை கேட்டாள். ‘வாசல்ல நிக்கிற மழைய உள்ள கூப்பிடு’ என்று ஆரம்பித்தது. அரசாங்கத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வரிகளையும் அடிக்கோடிட்டாள்.

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஷூ மாட்டியபடியே மகள் பூவிழி அந்த முதல் வரியைப் பாடினாள்.

“ஏய், வாய மூடு! எங்கடி கத்துக்கிட்ட?”

“நீதானேம்மா தினமும் பாடுற.”

அதற்குள் பள்ளி வேன் வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு அலுவலகத்தில் கைபேசி அடித்தது. “பூவிழி அம்மாங்களா? கிளாஸ் மிஸ் பேசறேன். உங்க பொண்ணு இன்னைக்கு ஒரு பாட்டுப் பாடினா.”

தாட்சாயணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். “சின்னப் புள்ளதானே மிஸ். டிவில கேட்டிருப்பா.”

“டிவில அது வராதுங்க.” மறுமுனையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது. மிஸ்ஸின் குரல் தணிந்தது. “அவளுக்கு முதல் வரிதான் தெரியுது. அடுத்த வரி என்னன்னு நீங்க சொல்றீங்களா?”

தாட்சாயணி உதடுகளைக் கையால் பொத்திக்கொண்டாள். உள்ளே அடுத்த வரி தானாகவே ஆரம்பித்துவிட்டது.